சிவப்பு என்று பதிந்திருந்த கார்

என் கணவர் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி, “இது பிளாஸ்டிக்கோ?” என்பதுதான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பிளாஸ்டிக் இல்லை. ஃபைபர் கிளாஸ்.”

கதவை விரலால் தட்டிப் பார்த்தேன். தகரச் சத்தம் வரவில்லை. வெறும் தண்ணீர்த் தாங்கியைத் தட்டினாற்போல மொத்தென்று ஒரு சத்தம். “பிளாஸ்டிக்தான்,” என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

அப்போது யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீடு எங்களுக்கு, மேல்வீடு வீட்டுக்காரிக்கு. அவர் சிங்களவர், தனியாக இருந்தவர். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். அவர் என்னை ‘துவ’ என்பார், மகள் என்று அர்த்தம். கடற்காற்று அந்த ஒழுங்கையில் எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, கேற், காஸ் அடுப்பு, என் தையல் மெஷின் எல்லாம் துருவேறிக்கொண்டே இருந்தன. அதுதான் என் கணவரின் வாதம். துருவே பிடிக்காத உடம்புள்ள கார் வெள்ளவத்தைக்காரனுக்குக் கிடைத்த வரம் என்றார். உடம்புக்கு உள்ளே இருந்த இரும்பெல்லாம் ஏற்கெனவே துருப்பிடித்திருந்ததை நான் எடுத்துச் சொன்னேன். குறை கண்டுபிடிக்கவென்றே சிலர் பிறக்கிறார்கள் என்றார்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கியரிடம் வாங்கிய கார் அது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. பின் சீற்றில் ஒரு சந்தைப் பையை வைக்கலாம், ஆள் இருக்க முடியாது. இலங்கையில் அந்த மாதிரி இன்னொன்று உண்டா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். இல்லை என்று சொன்னபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கொழும்பில் தமிழர்கள் ஆருடைய கண்ணிலும் படாமல் இருக்கப் பார்த்த காலத்தில், என் மனுஷன் ஊரே திரும்பிப் பார்க்கும் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

அவர் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சட்டத்தை மதிக்கிறவனுக்கு ஒரு குறையும் வராது என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர். அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நாடு அதற்கு ஒரு காரணமும் கொடுத்திருக்கவில்லை. எங்கள் தமிழ் வீடுகளில் யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும் என்று இருந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு பதிந்தார்கள், இவர் விருப்பத்தோடு பதிந்தார். வவுனியாவிலிருந்து என் சித்தி வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடிப்பதற்குள், இவர் அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட்டார்.

“பின்னேரம் போற ஆளுக்கு என்னத்துக்குப் பதிவு?” என்று கேட்டேன்.

“நாங்களே போய்ச் சொன்னால் பிறகு ஒரு கேள்வியும் வராது,” என்றார்.

காரின் நிறம் சிவப்பு. பதிவுப் புத்தகத்திலும் சிவப்பு என்றே இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு, ஆறிய பாலின் ஆடை மாதிரிச் சுருங்கி அங்கங்கே வெடித்திருந்தது. பழையதை எடுக்காமல் மேலுக்கு மேல் பூசியதால் வந்த வினை என்றார். எல்லாவற்றையும் அடிவரை எடுத்துவிட்டு, திரும்பவும் சிவப்பே அடிப்பது என்று முடிவு செய்தார். தகர உடம்பென்றால் கடையில் விற்கும் ரிமூவரைத் தடவினால் போதும், பெயின்ட் கொப்புளித்துக் கழன்றுவிடும். ஃபைபருக்கு அது ஆகாது. பெயின்டைத் தின்ற ரிமூவர் உடம்பையும் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே கையால்தான் எடுக்க வேண்டும். சவர பிளேட்டை ஒரு மரத்துண்டில் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, பிளேட்டைப் படுக்கவைத்து மெல்லத் தள்ள வேண்டும். மிச்சத்தை, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே மெல்லிய தோல் ஒன்றுதான். தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நாருக்குள் தண்ணீர் இறங்கிவிடும், பிறகு அந்த இடம் காலமெல்லாம் கொப்புளித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் வகுப்பு எடுப்பது போல எனக்கு விளங்கப்படுத்தினார். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கே ஒருவர் வகுப்பு எடுப்பதைச் சும்மா இருந்து கேட்பது லேசான காரியம் இல்லை. எல்லாம் சொல்லி முடித்து பிளேட்டைத் தான் வைத்துக்கொண்டு, வாளியையும் துணியையும் என்னிடம் தந்தார்.

சனி ஞாயிறு முழுக்க இதுதான் வேலை. சிவப்புக்குக் கீழே கிறீம் நிறம் வந்தது. கிறீமுக்குக் கீழே நீலம் வந்தது, அருமையான நீலம். “உங்கடை காருக்கு முந்தியே ரெண்டு கலியாணம் ஆகியிருக்கு,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டிருந்தார், சிரித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தூள் சட்டைக்குள் எல்லாம் போய் உடம்பு தினவெடுக்கும். அவருடைய சாரத்தைத் தனியாக ஊறவைத்துத் தோய்ப்பேன், அப்படியும் என் கையும் கடிக்கும். தேய்த்த தண்ணீர் சிவப்பும் நீலமுமாக வாசல் கானில் ஓடும். கடற்கரைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பிறகு எனக்கும் ஒரு பிளேட் கிடைத்தது. பின் மூடியின் உட்பக்கம், ஆருடைய கண்ணிலும் படாத இடம். அங்கே நான் பிழை விட்டாலும் பரவாயில்லையாம். மறைப்பானேன், எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பிளேட் சரியான சரிவில் போனால் பெயின்ட் ரிப்பனாகச் சுருண்டு வரும். பள்ளிக்கூடத்துக் கோபம், பஸ்ஸில் இறக்கி அடையாள அட்டை கேட்டவன் மீதிருந்த கோபம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். ஆனால் அவர் விடமாட்டார். “அழுத்தாதையும்! எத்தினை தரம் சொல்லுறது உமக்கு!” என்று கத்துவார். காரினால் எங்களுக்குள் சண்டை வராத ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆன்ட்டி மேல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இன்று யார் பக்கம் வெற்றி என்று கேட்பார்.

முன் பக்கம் சாம்பலுக்கு வந்துவிட்டது. ஒரு கதவு நீலத்தில் நின்றது. கூரையில் பாதி கிறீம். பின் பக்கத்தில் வெளியே கை வைக்கவில்லை, பழைய சிவப்பு அப்படியே இருந்தது. அந்த நிலையில்தான் நகரத்துக்குள் ஒரு வாகனம் வெடித்தது.

எத்தனையோ வெடித்த காலம்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளைக்கு எங்கள் ஆட்கள் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய் வாயைத் திறக்காமல் திரும்புவோம். இந்த முறை சோதனையெல்லாம் வாகனங்கள் மீது இருந்தது. ஆன்ட்டி கீழே இறங்கி வந்தார். உங்கள் காரைப் பற்றி ஒழுங்கையில் கதைக்கிறார்கள், தமிழ் வீட்டில் ஒரு வாகனத்தின் நிறத்தை மாற்றுகிறார்களாம், நாலு கிழமைக்குப் பேசாமல் மூடி வையுங்கள் என்றார். நல்ல யோசனை. நான் உடனே தறப்பாளை எடுத்துக் காரை மூடிக் கயிற்றால் கட்டினேன்.

என் கணவர் அந்தக் கயிற்றை அவிழ்த்தார்.

“மறைச்சால்தான் சந்தேகம் வரும். நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“ஆரிட்டை?”

“பொலிசிலை. இன்ன இலக்கக் கார், பெயின்ட் எடுக்கிறன், திருப்பிச் சிவப்புத்தான் அடிக்கப் போறன் எண்டு.”

“உங்களுக்கு விசரே? அப்பிடி ஆரும் போய்ச் சொல்லுறவையோ?”

“ஆரும் போய்ச் சொல்லாதபடியால்தான் பிரச்சினை வருகுது.”

அந்தக் கடைசி வசனத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். பதியாமல் விட்டு மாட்டியவர்களை எல்லாருக்கும் தெரியும். பதிவதற்கு ஒன்றும் இல்லாததைப் பதியப் போய் மாட்டியவர் என் மனுஷன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை. இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, கார் சிவப்பாக இருந்தபோது எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரு உறையில் வைத்தார். வந்து கூரையின் மிச்சத்தை முடிக்க வேண்டும் என்று வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டார். பிறகு போனார். மத்தியானம் ஆகியும் வரவில்லை. பேப்பர் வாளியிலேயே ஊறிக் கிடந்தது.

ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். உள்ளே இருக்கிறார், விசாரிக்கிறோம் என்றார்கள். பார்க்க விடவில்லை. என்ன குற்றம் என்று ஆன்ட்டி சிங்களத்தில் கேட்டார். குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மனிதர் கேளாமலேயே வந்து இதைச் சொல்கிறாரென்றால் ஏன் என்று பார்க்க வேண்டாமா என்றார் மேசையில் இருந்தவர். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது.

பின்னேரம் ஜீப்பில் வந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர், மரியாதையானவர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். இஞ்சினில் இருந்த இலக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். புத்தகத்தில் உள்ளதோடு சரியாக இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் காரைச் சுற்றி நடந்தார். சாம்பல், நீலம், கிறீம், சிவப்பு. திரும்ப ஒரு முறை சுற்றினார். கையில் இருந்த தாளில் எழுத ஆயத்தமாகி என்னைப் பார்த்தார்.

“பாட்ட மொகக்த?” என்றார். என்ன நிறம் என்று கேட்கிறார்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கடைக்காரனோடு பேரம் பேசுவேன், பஸ்காரனோடு சண்டை பிடிப்பேன். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சிவப்பு என்றால் கண்ணுக்கு முன்னால் பொய். வேறு எதைச் சொன்னாலும் புத்தகத்துக்குப் பிழை. நான் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடிப்புகளை அடைக்க வாங்கி வைத்திருந்த ரெசின் டின், ஹார்ட்னர் போத்தல், மூக்கில் கட்டும் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார்கள். போத்தலை மணந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். அது காருக்கு, வெடிப்பு அடைக்க என்று ஆன்ட்டி படியில் நின்று சத்தமாகச் சொன்னார். சிங்களத்திலும் கீறல் வெடிப்புக்கும் குண்டு வெடிப்புக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான், அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து நேரே நிலையத்துக்குத்தான் போனேன். காத்திருக்கிறவர்கள் இருக்க அங்கே ஒரு நீளமான வாங்கு. என்னைப் போல நாலைந்து பெண்கள், எல்லார் மடியிலும் சாப்பாட்டுப் பார்சல். ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டோம். கதைத்தால் அதையும் யாராவது கேட்பார்கள் என்று பயம். ஒரு நாள் அந்த இளம் அதிகாரி என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். அவருக்கும் மனம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அறிக்கை இன்னும் முடியவில்லை என்றார். இஞ்சின் இலக்கம் சரி, புத்தகம் சரி, நிறம்தான் சரியில்லை. வாகனம் பதிவோடு ஒத்துப்போகிறது என்று நான் எழுத வேண்டும், அதை எப்படி எழுதுவது? சிவப்பாக இருந்திருந்தால் எழுதி முடித்திருப்பேன் என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சிவப்பு அடி என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் போகிறவளுக்கு எது கையில் பட்டாலும் போதும். என் கணவரை வெளியே கொண்டுவர என்னால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு ஓடினேன்.

கொட்டாஞ்சேனையில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கராஜ் இருந்தது. அங்கே ஸ்ப்ரே அடிப்பவர் தமிழர், என்னைக் கண்டால் தலையசைப்பவர். அடுத்த நாள் காலை அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். காரை எடுத்துவர முடியாது, ஒரு சோதனைச் சாவடி தாண்டாது, நீங்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். பொலிஸ் பாத்துட்டுப் போன வண்டி. நான் வந்து கலர் மாத்துனேன்னு வைங்க, நாளைக்கி என்னையும் கூப்புடுவாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

கோபிக்க எனக்கு என்ன உரிமை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

காலி வீதிக் கடை ஒன்றில் சிவப்பு எனமல் டின்கள் வாங்கினேன். கேற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற எனமல். சுவருக்கு அடிக்கிற அகலமான பிரஷ் ஒன்றும் வாங்கினேன். சனிக்கிழமை காலை காருக்கு முன்னால் போய் நின்றபோது கை வரவில்லை. அவர் எத்தனை ஞாயிறு முதுகு வளைத்து, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்த சாம்பல். தடவினால் முட்டை ஓடு மாதிரி இருக்கும். அதற்கு மேலே என் பிரஷை வைத்தேன். முதல் இழுவை கோணலாகப் போனது. பிறகு எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. அழுதுகொண்டே அடித்தேன். சிவப்பு வழிந்து, நூல் நூலாக இறங்கி, பிரஷ் மயிர் ஒட்டி, கடற்கரை மணலும் பறந்து வந்து ஒட்டியது. ஆன்ட்டி மேலே இருந்து பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக் கவுனை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் ஒரு பழைய பிரஷோடு இறங்கி வந்தார். கீழே குனிந்து கதவின் அடிப்பக்கத்தை அடிக்கத் தொடங்கினார். பின்னேரத்துக்குள் கார் சிவப்பாகிவிட்டது. ஒழுங்கைச் சிறுவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய மாதிரித்தான் இருந்தது.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போனேன். சந்தோஷத்தோடுதான் போனேன். இளம் அதிகாரி இல்லை. மாற்றலாகிப் போய்விட்டாராம். அவருடைய மேசையில் வேறொருவர் இருந்தார். நான் நிறம் பற்றிச் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. கோவையைத் தேடி எடுத்து வாசித்தார். வாசித்து முடித்து நிமிர்ந்தார்.

“விசாரணையில் இருக்கும் வாகனம். யார் பெயின்ட் அடிக்கச் சொன்னது?”

ஆரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மையும்கூட.

“அப்படியானால் ஏன் அடித்தாய்? எதை மறைக்க?”

சிவப்பாக இருந்த காரைச் சிவப்பாக்கினேன் என்று சொன்னேன். எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. அவர் எதையோ எழுதிக்கொண்டார். உன் கணவர் இங்கே இல்லை, தடுப்பு முகாமுக்கு அனுப்பியாயிற்று, இனி அங்கே போய்க் கேள் என்றார். வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தபோது அதை உடைத்துப் போடலாம் போல இருந்தது. எடுத்ததும் குற்றம், அடித்ததும் குற்றம். திரும்ப எடுத்தால் அதுவும் ஒரு குற்றமாகும். நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கள் விண்ணப்பம் கவனிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பொறுமையாக இருங்கள் என்றார்கள். பொறுமை இல்லாமல் என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

முகாமில் வாரத்தில் ஒரு நாள் பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பிவலை. முதல் முறை அவர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டது, “கார் நனையுதோ?” என்றுதான்.

“இல்லை. மூடிக் கட்டியிருக்கிறன்.”

“அடிப்பூச்சு தண்ணி குடிக்கும். வடிவாக் கட்டியிருக்கிறீரோ? காத்துக்குக் கயிறு கழண்டிடும்.”

“கழறாது. நீங்கள் சாப்பிடுறியளோ?”

“அதைவிடும். பின்பக்கம் தறப்பாள் எட்டுறேல்லை. அங்கை ஒரு சாக்கைப் போடும்.”

நான் தலையாட்டினேன். சிவப்பு அடித்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. வெளியே வந்த பிறகு சொல்வோம், அப்போது வேண்டிய மட்டும் கத்தட்டும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் கயிற்றைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த முறை கேட்கவில்லை. நானே, சாக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். “எதுக்கு?” என்றார். பிறகு நான் போன நாட்களில் அவர் காவலுக்கு நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டுதான் என்னோடு கதைத்தார். நான் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவார்.

மழைக்காலம் போன பிறகு ஒரு மத்தியானம், அவர் கேற்றைத் திறந்துகொண்டு தனியாக வந்தார். ஏன் பிடித்தார்கள் என்றும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. சிவப்புக் காரை யாரும் வந்து பார்க்கவே இல்லை. வெள்ளைச் சட்டை அவருடைய தோளில் தொங்கியது. ஆன்ட்டி மாடியில் நின்று அழுதார். மழை விட்டதும் நான் தறப்பாளை எடுத்திருந்தேன். இவர் காரைத் தாண்டி வந்தார், நின்றார், பார்த்தார்.

“நான்தான் அடிச்சனான்,” என்றேன்.

“ம்,” என்றார். உள்ளே போய்க் குளித்தார். சாப்பிட்டார். படுத்தார்.

அவர் என்னை ஏச வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரைக் கெடுத்துவிட்டீர் என்று கத்தியிருந்தால் போதும், காலில் விழுந்திருப்பேன். கம்பெனி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. காலையில் போனார், பின்னேரம் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உள் அறையில் இருந்தார்.

ஒரு ஞாயிறு நானே தொடங்கினேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்தேன். மரத்துண்டில் புதுப் பிளேட் செருகினேன். முன் மூடியில் தண்ணீர் தடவி, பிளேட்டைப் படுக்கவைத்துத் தள்ளினேன். என் எனமல் சரியாகப் பிடித்திருக்கவில்லை, ரிப்பன் ரிப்பனாகக் கழன்றது. கீழே அவருடைய சாம்பல் கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு எடுத்திருப்பேன். சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார்.

“பாருங்கோ, உங்கடை வேலை ஒண்டும் பழுதாகேல்லை. முழுக்க எடுக்கலாம்,” என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது.

“விடும்.”

“நான் அழுத்தேல்லை. மெதுவாத்தான்…”

“விடும் எண்டு சொல்லுறன். புத்தகத்திலை சிவப்பெண்டு கிடக்கு.”

ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே போய், மிச்சம் இருந்த எனமல் டின்னையும் பிரஷையும் எடுத்து வந்தார். டின்னில் ஆடை படிந்திருந்தது, தடியால் குத்திக் கலக்கினார். சோப்புத் தண்ணீர் இன்னும் காயாமல் இருந்த அந்தச் சாம்பல் இடத்தின் மேல் சிவப்பை இழுத்தார். ஈரத்தில் பெயின்ட் பிடிக்கவில்லை, விலகி விலகி ஓடியது. காயட்டும் என்று அவர் பொறுக்கவில்லை. திரும்பவும் இழுத்தார், அதற்கு மேலும் இழுத்தார். சாம்பல் மறைந்ததும் காரைச் சுற்றி வந்தார். சில்லு வளைவுகளுக்குள் குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து விளிம்பைப் பார்த்தார்.

“நீரும் ஒருக்காச் சுத்திப் பாரும். வேறை எங்கயாவது தெரியுதோ?”

நான் சுற்றிப் பார்த்தேன்.

“ஒரு இடமும் தெரியேல்லை. எல்லாம் சிவப்புத்தான்,” என்றேன்.

அவர் நம்பவில்லை. கையிலிருந்த பிரஷ் காலில் சொட்டச் சொட்ட, திரும்பவும் முன் பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்கினார்.